அந்த வாயு எங்கிருந்து வந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

வற்றிவரும் எண்ணெய் வயல்களுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி மிச்ச எண்ணெயை எடுப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். வாயு எண்ணெயைத் தள்ளிவிடுகிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அதுதான் முதல் குறை.

எண்ணெய் பாறைக்குள் குளம் மாதிரி தேங்கி நிற்பதில்லை. ஆழத்திலிருந்து எடுத்த பாறைத் துண்டு ஒன்றை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தேன். வெறும் கல்தான், ஒரு துளைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை, மூக்கருகே கொண்டுபோனதும்தான் எண்ணெய் வாடை வந்தது. அந்த நுண்துளைகளில் ஒட்டியிருப்பதைத் தண்ணீர் விட்டு எவ்வளவு அலசினாலும் பல வயல்களில் பாதிக்கு மேல் அசையாது. போதிய அழுத்தத்தில் கரியமில வாயு உள்ளே போனால் எண்ணெயோடு கலந்துவிடுகிறது, எண்ணெய் உப்பி, இளகி, நகரத் தொடங்குகிறது. ஆனால் வாயு லேசானது, சுலபமான இடுக்கைப் பிடித்து நேரே அடுத்த கிணற்றுக்கு ஓடிவிடும், அதை அடக்கத்தான் கொஞ்ச நாள் வாயு, கொஞ்ச நாள் தண்ணீர் என்று மாற்றி மாற்றி விடுகிறார்கள்.

சரி, எனக்கு உண்மையில் உறுத்தியது வேறு. இது சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள். மேற்கு டெக்சாஸில் 1972-லேயே இந்த வேலை பெரிய அளவில் தொடங்கிவிட்டது. அங்கே இன்றும் பயன்படும் கரியமில வாயுவில் பெரும்பங்கு எந்த ஆலையின் புகைபோக்கியிலிருந்தும் வருவதில்லை. கொலராடோவின் மெக்எல்மோ டோம் போன்ற இடங்களில் பூமிக்கடியில் இயற்கையாகவே காலங்காலமாக அடைபட்டுக் கிடந்த வாயுவைக் கிணறு போட்டு எடுத்து, சுமார் 800 கி.மீ. குழாயில் கொண்டுவந்து, மறுபடி மண்ணுக்குள்ளேயே விடுகிறார்கள். இதில் காற்றுக்கு என்ன லாபம்?

கனடாவின் வேபர்ன் வயல் கதை வேறு. 2000-த்தில் தொடங்கியபோதே அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் நிலக்கரியிலிருந்து எரிவாயு தயாரிக்கும் ஆலையின் கழிவு வாயு எல்லை தாண்டி அங்கே போயிற்று, இல்லாவிட்டால் அது வானத்துக்குத்தான் போயிருக்கும். அப்புறம், அங்கும் மேலே வரும் எண்ணெய் எரியத்தானே போகிறது, ஒரு பீப்பாய் எரிந்தால் 400 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும், அந்தக் கணக்கையும் கட்டுரை தொடவில்லை.

அடுத்த முறை இப்படி ஒரு திட்டத்தைப் பாராட்டும் முன், வாயு எந்த இடத்திலிருந்து வருகிறது, அதில் எவ்வளவு கீழேயே தங்குகிறது என்ற இரண்டையும் தயவுசெய்து கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்