ஒரு பக்கம் முழுதாக: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் அன்பர்களே,

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்க ஆண்டின் நடவடிக்கைகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் பணிவுடன் வைக்கிறேன். குரோய்டனிலும் அதைச் சுற்றிய தெற்கு லண்டன் பகுதிகளிலும் வாழும் தமிழர்களாகிய நாம், அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் இந்நாட்டில் தழைத்த புரோகிரசிவ் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புடைய ராக்) இசையை இசைத்தட்டிலும் அரங்கிலும் கூடிக் கேட்பதற்காகவே இச்சங்கத்தை நடத்தி வருகிறோம். வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சந்தாவில் மாற்றம் இல்லை. மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தேறின. ஆகவே என்ன கேட்டோம், எப்படிக் கேட்டோம் என்பதற்கே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்குகிறேன்.

ஆண்டின் தொடக்கத்தில் செயற்குழு ஒரு விதியை வகுத்தது. முள் தட்டில் இறங்கிய பின், அந்தப் பக்கம் முடிந்து முள் தூக்கப்படும்வரை எவரும் பேசுவதில்லை, இடையில் நிறுத்துவதில்லை, கைபேசி வெளியே எடுக்கப்படுவதில்லை. கண்டிப்பு அதிகம் என்று சிலர் கருதியதை அறிவேன். ஆயினும் இந்த இசையைப் பொறுத்தவரை, பாடல் என்பதைவிடத் தட்டின் ஒரு பக்கம் என்பதே உண்மையான அளவுகோல் என்று உறுதியாக நம்புகிறேன். நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடும் எல்.பி. தட்டு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாக இடம் தந்தது. அந்த இடத்தை முழுவதும் நிரப்பும் ஒரே படைப்பை எழுத வேண்டும் என்ற துணிவு அக்கால இசைஞருக்கு வந்தது. யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' (1972) தலைப்புப் பாடல், பிங்க் ஃபுளாய்டின் 'எக்கோஸ்' (1971), கேரவன் குழுவின் 'நைன் ஃபீட் அண்டர்கிரவுண்ட்' (1971) ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு பக்கம் முழுவதையும் தமக்கே எடுத்துக்கொண்டவை. ஜெத்ரோ டல் 1972இல் வெளியிட்ட 'திக் அஸ் எ பிரிக்' இன்னும் ஒரு படி மேலே சென்று, இரண்டு பக்கங்களையும் ஒரே பாடலாக்கியது. தட்டைத் திருப்பிப் போடுவதற்காக மட்டுமே அந்தப் பாடல் நடுவில் மங்கி மீண்டும் எழுகிறது; அதன் உறையோ பிரித்துப் படிக்கக்கூடிய முழு நாளிதழ். இவற்றைத் துண்டுதுண்டாகக் கேட்பவர் கேட்பது வேறு ஏதோ ஒன்றை.

இதனையொட்டியே மறுபதிப்புகள் பற்றிய விவாதம் ஜூன் கூட்டத்தில் எழுந்தது. நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் இரண்டு தட்டுகளாக வெட்டப்படும் மறுபதிப்புகள் ஒலித்தரத்தில் உயர்ந்தவை என்றும், சங்கம் அவற்றையே வாங்க வேண்டும் என்றும் இளைய உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்தார். வேகம் கூடும்போது நுண்ணிய ஒலிகளுக்கு முள்ளின் கீழ் அதிக நீளம் கிடைப்பது உண்மைதான். ஆனால் அந்த வேகத்தில் பதினெட்டு நிமிடப் படைப்பை ஒரு பக்கத்தில் தரம் குன்றாமல் அடக்க இயலாது; நடுவில் எழுந்து தட்டை மாற்ற வேண்டியிருக்கும். பக்கம் முழுதும் ஓடும் படைப்புகளுக்கு 33⅓ சுற்றுப் பதிப்பையே வாங்குவது என்றும், குறும்பாடல்கள் நிறைந்த தட்டுகளுக்கு 45 சுற்றுப் பதிப்பை வாங்கலாம் என்றும் குழு முடிவு செய்தது. அந்த முடிவு சரியானதே என்பது என் கருத்து.

இந்த விவாதத்தில் வெளிவந்த ஒரு செய்தி ஆண்டு முழுவதும் நம் கேட்பை வழிநடத்தியது. தட்டின் வெளி விளிம்பில் தடம் முள்ளுக்குக் கீழே விநாடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள் விளிம்பை அடையும்போது அது ஏறத்தாழ 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. ஒரே விநாடி இசை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்படுவதால், பக்கத்தின் கடைசி நிமிடங்களில்தான் ஒலி பிசிறும் அபாயம் மிகுதி. ஜெனிசிஸ் குழுவின் 'ஃபாக்ஸ்ட்ராட்' (1972) தட்டின் இரண்டாம் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறு கித்தார் இசையும் அதைத் தொடரும் ஏறத்தாழ 23 நிமிட 'சப்பர்ஸ் ரெடி'யும் சேர்ந்து அப்பக்கத்தை அதன் எல்லைவரை நிரப்புகின்றன. பீட்டர் கேப்ரியலின் குரல் உச்சியில் ஏற, மெலட்ரான் என்னும் காந்தநாடா விசைக்கருவியும் ஆர்கனும் அதைத் தாங்கி நிற்கும் அந்த இறுதிப்பகுதி, தட்டில் மிகவும் நெருக்கடியான இடத்தில் அமைந்திருக்கிறது. முள் தேய்ந்திருந்தாலோ முள்ளைத் தாங்கும் காட்ரிட்ஜின் கோணம் சற்றே விலகியிருந்தாலோ, இருபது நிமிடம் காத்திருந்து பெற வேண்டிய பயன் அங்கேயே சிதைந்துபோகும். எனவே ஜூலையில் சங்கத்தின் இசைத்தட்டுக் கருவிக்குப் புதிய முள் வாங்கினோம். காட்ரிட்ஜை அளவுத்தகட்டின் துணையோடு சீரமைத்தோம். முள்ளின் அழுத்தத்தைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்குத் திருத்தினோம். அன்று மாலை அந்த இறுதிப்பகுதியைப் பிசிறின்றிக் கேட்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள். தட்டுகளைச் செங்குத்தாக அடுக்குவது, ஒவ்வொரு முறையும் கார்பன் தூரிகையால் தூசு நீக்குவது, பழைய தட்டுகளை ஈரமுறையில் கழுவியபின் புதிய உள்ளுறை இடுவது ஆகிய பொறுப்புகளை ஏற்ற உறுப்பினர்களுக்குச் சங்கம் கடன்பட்டிருக்கிறது.

'குளோஸ் டு தி எட்ஜ்' கூட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். அப்பாடலின் நடுவே எழும் குழாய் ஆர்கனை யெஸ் குழுவின் விசைப்பலகைக் கலைஞர் ரிக் வேக்மன் வாசித்தது, லண்டன் பார்பிக்கன் பகுதியிலுள்ள செயின்ட் ஜைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்தில். கூட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை உறுப்பினர்கள் சிலர் அங்குச் சென்று, அந்தக் கல்மண்டபத்துக்குள் ஒலி எவ்வாறு தங்கித் தேய்கிறது என்பதைக் கேட்டுணர்ந்து வந்தனர். இத்தகைய பயணங்களை இனியும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இவ்வாண்டு நமக்கு இழப்புகள் மிகுந்த ஆண்டு. 2024 ஏப்ரலில் மூடி புளூஸ் குழுவின் மைக் பிண்டர் தமது 82ஆம் வயதில் மறைந்தார். பர்மிங்காமில் மெலட்ரான் தயாரித்த தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். அந்தக் கருவியை ராக் இசைக்குள் நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவரும் அவரே. மெலட்ரானின் ஒவ்வொரு விசைக்கும் கீழே, உண்மையான வயலின் அல்லது புல்லாங்குழல் ஒலி பதிந்த ஒரு காந்தநாடா உண்டு. விசையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறத்தாழ எட்டு விநாடியில் முடிந்துவிடும். விசையை விட்டால்தான் அது தொடக்கத்துக்குத் திரும்பும். அதற்குள் வாசிப்பவர் அடுத்த சுரக்கூட்டுக்கு நகர்ந்தாக வேண்டும். இந்த இசையில் நாம் விரும்பும் அந்த மெதுவான, சற்றே தள்ளாடும் பெருநகர்வு, அக்கருவியின் எட்டு விநாடி வரம்பிலிருந்து பிறந்தது. மே மாதக் கூட்டத்தில் 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' (1967) தட்டின் இரு பக்கங்களையும் அவர் நினைவாகக் கேட்டோம்.

நவம்பரில் பீட்டர் சின்ஃபீல்ட் மறைந்தார். கிங் கிரிம்சன் குழுவுக்குப் பெயரிட்டவர், அதன் தொடக்ககாலப் பாடல் வரிகளை எழுதியவர், மேடை ஒளியமைப்பையும் கவனித்தவர். 1969 அக்டோபரில் வெளிவந்த அக்குழுவின் முதல் தட்டின் உறையில் அலறும் முகத்தை வரைந்த பாரி காட்பர், நான்கே மாதங்களில், 24ஆம் வயதில் காலமானார் என்பதையும் அன்றைய கூட்டத்தில் நினைவுகூர்ந்தோம். பன்னிரண்டு அங்குல உறை இல்லாவிட்டால் அந்த முகத்துக்கு அந்த வலிமை ஏது?

2025 பிப்ரவரியில் இரண்டு மறைவுகள் அடுத்தடுத்து நேர்ந்தன. சாஃப்ட் மெஷின் குழுவின் ஆர்கன் கலைஞர் மைக் ராட்லெட்ஜ் நம் ஊரோடு நேரடித் தொடர்புடையவர். அக்குழுவின் 'தேர்ட்' (1970), பக்கத்துக்கு ஒன்றாக நான்கு படைப்புகள் கொண்ட இரட்டைத்தட்டு. அதன் முதல் பக்கமான 'ஃபேஸ்லிஃப்ட்', 1970 ஜனவரி 4 அன்று நம் குரோய்டன் ஃபேர்ஃபீல்ட் ஹால்ஸ் அரங்கிலும், ஒரு வாரத்துக்குப் பின் பர்மிங்காமிலும் நேரடியாகப் பதிவான ஒலிகளை வெட்டி ஒட்டி உருவானது. நாம் பேருந்தில் கடந்து செல்லும் அந்தக் கட்டடத்துக்குள் ராட்லெட்ஜின் கரகரத்த ஆர்கன் முழங்கியிருக்கிறது என்பதை உறுப்பினர் பலர் அன்றுதான் அறிந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் இக்குழு ராயல் ஆல்பர்ட் ஹாலில், செவ்வியல் இசைக்கான புரொம்ஸ் விழாவில் வாசித்தது. அவ்விழாவுக்கு அழைக்கப்பட்ட முதல் ராக் குழு இதுவே.

2025 பிப்ரவரியிலேயே மறைந்த ஜேமி மியூர், 1973இல் வெளிவந்த கிங் கிரிம்சனின் 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்' தட்டில் சங்கிலிகளையும் உலோகத் தகடுகளையும் தாளக்கருவிகளாக்கியவர். தட்டு வெளிவருமுன்பே குழுவைவிட்டு விலகி, ஸ்காட்லாந்திலுள்ள திபெத்திய பௌத்த மடத்துக்குச் சென்றவர். அவருடைய நினைவாக மார்ச் கூட்டத்தில் நாம் தேர்ந்தது யெஸ் குழுவின் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' (1973). காரணம் இது: டிரம்மர் பில் புரூஃபர்டின் திருமண விருந்தில் மியூர்தான் யெஸ் பாடகர் ஜான் ஆண்டர்சனைப் பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' நூலின்பால் திருப்பினார். சாத்திரங்களை நால்வகையாகப் பிரித்துக் கூறும் அந்நூலின் ஓர் அடிக்குறிப்பிலிருந்து, சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என நான்கு பக்கங்களுக்கு நான்கு படைப்புகள் பிறந்தன. இத்தட்டு அளவுமீறியது என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் அதை வாசிக்கும்போது ரிக் வேக்மன் சலிப்படைந்து மேடையிலேயே இந்தியக் கறி உண்டதை அவரே சொல்லியிருக்கிறார். இரண்டாம் பக்கம் தன் பொருளைவிட நீண்டுவிட்டது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், நான்கு பக்கங்களையும் ஒரே மாலையில் வரிசையாகக் கேட்டு, தாளக்கருவிகளின் கொந்தளிப்பைக் கடந்து நான்காம் பக்கத்தின் இறுதி அமைதிக்கு வந்து சேர்ந்தவர்களில் எவரும் அதை வீண்பெருமை என்று சொல்லவில்லை.

டிசம்பரில் தபலா மேதை ஜாகிர் உசேன் மறைந்தபோது, ஜனவரிக் கூட்டத்தில் அவர் வாசித்த ஷக்தி குழுவைக் கேட்கலாமா என்பது குறித்துச் செயற்குழுவில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஷக்தி புரோகிரசிவ் ராக் அல்ல என்பது சரியே. ஆனால் யார்க்‌ஷயரில் பிறந்த ஜான் மெக்லாக்ளின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் மின்முழக்கத்திலிருந்து விலகி, எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு அமர்ந்து உருவாக்கிய முதல் தட்டு (1976) நம் தேடலுக்கு அந்நியமானது அல்ல. அதன் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே படைப்பு, 29 நிமிடத்தை நெருங்குகிறது. கடமும் தபலாவும் விடையும் வினாவுமாகப் பின்னும் அப்பக்கத்தைக் கேட்டபின், மிருதங்கம் பயின்ற நம் உறுப்பினர் ஒருவர் கையால் தாளமிட்டு ஒரு விளக்கம் தந்தார். பிங்க் ஃபுளாய்டின் 'மணி' ஏழு எண்ணிக்கையில் நடப்பதையும், கித்தார் தனியாவர்த்தனத்தில் அது நான்குக்கு மாறி விடுபடுவதையும் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு அறிந்த கை உடனே பிடித்துக்கொள்கிறது. 'சப்பர்ஸ் ரெடி'யின் ஒன்பது எண்ணிக்கைப் பகுதியையும் அவ்வாறே எண்ணிக் காட்டினார். பல ஆண்டுகள் கேட்ட பாடல்கள் அன்று புதிதாகத் திறந்தன. இத்தகைய விளக்கக் கூட்டம் ஆண்டுக்கு ஒன்றாவது நடைபெற வேண்டும்.

அரங்க நிகழ்ச்சிகளில் முக்கியமானது, 2024 அக்டோபரில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஸ்டீவ் ஹாக்கெட் நடத்திய கச்சேரி. ஜெனிசிஸ் குழுவின் 'தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' இரட்டைத்தட்டின் ஐம்பதாம் ஆண்டையொட்டி அதன் தேர்ந்த பகுதிகளை, அதில் கித்தார் வாசித்தவரே மீண்டும் வாசித்தார். 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' பாடலில், முன்னர் புல்லாங்குழல் மெலிதாகச் சொன்ன அதே மெட்டை அவருடைய கித்தார் எடுத்து, ஒரு சுரத்தை அரங்கின் குவிமாடம்வரை நிறுத்திப் பிடிக்கும் இடத்தை நாம் அனைவரும் தட்டில் கேட்டு மனனம் செய்தவர்கள்தாம். அரங்கில் அந்தச் சுரம் எப்போது இறங்கும் என்று தெரியாமல் காத்திருந்தோம்; தட்டில் கிடைக்காத இன்பம் அது. கிங் கிரிம்சன் 2021 டிசம்பரில் டோக்கியோவிலும், ஜெனிசிஸ் 2022 மார்ச்சில் லண்டனிலும் தம் இறுதிக் கச்சேரிகளை நடத்தி முடித்துவிட்டன. எஞ்சியிருப்போர் மேடையேறும்போது, நுழைவுச்சீட்டின் விலையையும் தூரத்தையும் எண்ணித் தயங்காமல் செல்ல வேண்டும் என்று உறுப்பினர்களை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். மாணவ உறுப்பினர்களின் சீட்டுக் கட்டணத்தில் ஒரு பகுதியைச் சங்கமே ஏற்கலாம் என்ற தீர்மானம் இக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் உள்ளது. அதை ஆதரிக்குமாறு வேண்டுகிறேன்.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள் உள்ளன. ஒன்று, 1975இல் வெளிவந்து பொன்விழாக் காணும் தட்டுகளை, செப்டம்பரில் பிங்க் ஃபுளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்', அக்டோபரில் வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் 'காட்பிளஃப்' என வரிசையாகக் கேட்பது. மற்றது, ஃபேர்ஃபீல்ட் ஹால்ஸ் நிருவாகத்துக்கு எழுதி, 'ஃபேஸ்லிஃப்ட்' பதிவான அந்தக் கட்டடத்திலேயே 'தேர்ட்' தட்டின் நான்கு பக்கங்களையும் பொதுமக்களோடு அமர்ந்து கேட்கும் ஒரு மாலைக்கு அனுமதி கோருவது. கடிதத்தின் வரைவு தயாராக உள்ளது. பொதுக்கூட்டம் இசைந்தால் இந்த வாரமே அனுப்பிவைப்பேன்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்