முகம் பச்சையாவது கமராவின் குற்றமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு மண்டபங்களில் எடுக்கப்படும் திருமணப் படங்களில் மணமக்களின் முகம் பச்சை பாய்ந்து தெரிவதற்குப் படப்பிடிப்பாளரின் கவனக்குறைவே காரணம் எனத் தங்கள் வாசகர் பகுதியில் அன்பர் ஒருவர் அண்மையில் எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இத்தொழிலைச் செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அவருடைய மனக்குறை நியாயமானதே என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோளாறு இருப்பது கூரையில் எரியும் குழல் விளக்கில்; அதற்கான மருந்தும் அந்தக் குழலின் மேல் மாட்டும் நிற உறையில்தான் இருக்கிறது என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

டியூப் லைட்டினுள் உள்ள பாதரச ஆவி, மின்சாரம் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வெளியிட, குழலின் உட்புறப் பூச்சு அதனை வெள்ளொளியாக மாற்றித் தருகிறது. இந்த வெள்ளொளி சூரிய வெளிச்சத்தைப் போல எல்லா நிறங்களும் இடைவெளியின்றிக் கலந்த ஒளியன்று. பாதரசத்துக்கே உரிய பச்சைக் கோடு ஒன்று 546 நானோமீற்றரில் துருத்திக்கொண்டு நிற்கும். பழைய வகைக் குழல்களில் ஆழ்ந்த சிவப்போ மெலிந்து கிடக்கும். மனிதக் கண் பகல் வெளிச்சத்தில் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீற்றரை அண்டிய பச்சையை என்பதால், பச்சை மிகுந்த குழல் குறைந்த மின்சாரத்தில் கூடிய வெளிச்சம் தருவதாகவே கணக்கில் வரும். மின்கட்டணத்துக்கு அது நல்லதுதான், கூறைச் சேலையின் சிவப்புக்குத்தான் கேடு. மண்டபத்தினுள் நுழைந்த சிறிது நேரத்தில் நம் கண் அந்தப் பச்சையைப் பழகி மறந்துவிடும். பிலிமுக்கும், டிஜிட்டல் கமராவில் பிலிமின் இடத்தில் இருந்து ஒளியைப் பதியும் சென்சருக்கும் அப்படி மறக்கத் தெரியாது.

பிலிம் காலத்தில் இதனால் நான் பட்ட அவமானம் ஒன்றுண்டு. தாலி கட்டும் நேரத்தில் பிளாஷ் போட்டு எடுத்த படங்களில் மணமக்கள் சரியான நிறத்தில் இருக்க, பின்னால் நின்ற உறவினர் அனைவரும் நோயாளிகளைப் போலப் பச்சையாக விழுந்திருந்தனர். கலர் லேப்பில் சொல்லி அச்சிடும்போது பச்சையைக் குறைக்கச் செய்தேன். பின்னால் நின்ற பெரியவர்கள் தெளிவடைந்தார்கள். மணமகளின் முகமோ ரோஜா நிறமாகிவிட்டது. பிளாஷின் ஒளி ஒரு நிறம், கூரையின் ஒளி இன்னொரு நிறம் என்றிருக்கும்போது, ஒரே திருத்தத்தால் இரண்டையும் எவராலும் சரிசெய்ய முடியாது. இன்றைய இளைஞர்கள் கணினியில் ‘வைட் பலன்ஸ்’, அதாவது படம் முழுவதன் நிறச் சாயலையும் ஒருசேரத் திருத்தும் அமைப்பை, மாற்றினால் போதும் என்கிறார்கள். ஒரே வகை விளக்கு மட்டும் எரிகின்ற அறையில் அது பெரும்பாலும் போதும். ஒரு பக்கச் சன்னலால் கடற்கரை வெளிச்சமும், மேலே டியூப் வெளிச்சமும், கையில் பிளாஷுமாக நிற்கும் நம் மண்டபங்களில் அன்று லேப்பில் நான் பட்ட பாட்டைத்தான் இன்று அவர்கள் கணினியின் முன் படுகிறார்கள்.

ஆகவே ஒளி பிறக்கும் இடத்திலேயே அதனைத் திருத்திவிட வேண்டும். சினிமாக்காரர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை, பச்சைக்கு எதிர்நிறமான மெல்லிய மஜெந்தா நிறத் தாளை உருட்டி, குழலின் மேல் உறையாகப் போட்டுவிடுவதாகும். தொழிலில் இதற்கு மைனஸ் கிரீன் என்று பெயர்; விளக்குகளுக்கான நிறத் தாள்கள் செய்யும் லீ நிறுவனத்தின் பட்டியலில் அதன் எண் 247. முழு அளவு, அரை அளவு, கால் அளவு எனக் கிடைக்கும் இதில் பழைய குளிர்வெள்ளைக் குழல்களுக்குப் பெரும்பாலும் முழு அளவே வேண்டியிருக்கும். தாளாக வாங்கி வெட்டிச் சுற்றலாம். தெளிந்த பொலிகார்பனேட் குழாய்க்குள் தாளைச் செருகி, அந்தக் குழாயை விளக்கின் மேல் மாட்டுவது இன்னும் வசதி. தடித்த பழைய குழல் 38 மில்லிமீற்றர், இப்போது பரவலாக உள்ளது 26, மிக மெல்லியது 16 என்பதால் அளவு பார்த்து வாங்காவிட்டால் காசு வீண். மண்டபத்தில் உள்ள எல்லாக் குழலுக்கும் உறை போடத் தேவையில்லை. மணவறையின் மேலும் முன்னும் உள்ளவற்றுக்குப் போட்டு, படத்தில் விழக்கூடிய மற்றவற்றை அணைத்துவிட்டாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. முழு அளவு உறை ஒளியில் ஏறத்தாழ 40 வீதத்தை விழுங்கும், அதாவது முக்கால் ஸ்டொப் (ஒளி பாதியாகக் குறைவதே ஒரு ஸ்டொப்); இன்றைய கமராக்களுக்கு இது பெரிய இழப்பன்று.

ஏணி வைக்க அனுமதி கிடைக்காத இடத்தில் இதையே தலைகீழாகச் செய்யலாம். பிளாஷின் முன்னால் பிளஸ் கிரீன் எனப்படும் பச்சைத் தாளை ஒட்டி, அதன் ஒளியையும் குழலின் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், பிறகு கமராவில் செய்யும் ஒரே திருத்தம் இரண்டுக்கும் பொருந்தும். மணமகளின் முகத்தில் பச்சை ஒளியை அடிக்கிறாயே என்று என்னிடம் சண்டைக்கு வந்த மாமிமாரும் உண்டு. ஆல்பம் வந்த பிறகே சமாதானமானார்கள்.

வெசாக் காலத்தில் புறக்கோட்டையில் கூடு கட்ட விற்கும் இளஞ்சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றினால் ஆகாதா எனச் சிலர் கேட்பதுண்டு. ஆகாது. கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு தாள்கள் ஒளியின் வெவ்வேறு பகுதிகளை வெட்டக்கூடும் என்பதால், அளந்து சாயமேற்றிய தாளுக்கு உள்ள நம்பகம் அதற்கு இல்லை. தவிர, குழலின் இரு முனைகளும் நன்றாகச் சூடேறுபவை. சாதாரணத் தாளை அங்கே ஒட்டுநாடாவால் இறுக்கிவைப்பது ஆபத்து. தொழிலுக்கென உள்ள தாளைக்கூட முனைகளைச் சற்று விட்டே சுற்ற வேண்டும். அதன் நிறமும் நாளடைவில் வெளுக்கும் என்பதால் வருடக்கணக்கில் மாட்டி வைத்திருக்கவும் கூடாது.

இந்த உறையால் ஆகாத காரியங்களும் உண்டு. வடிகட்டி என்பது இருப்பதைக் கழிக்குமே தவிர இல்லாததைச் சேர்க்காது. ஆழ்ந்த சிவப்பே வெளியிடாத பழைய குழலுக்கு எந்த உறையைப் போட்டாலும் குங்குமம் காவியேறித்தான் தெரியும். ஆதலால் மண்டபக்காரர்கள் குழல் வாங்கும்போது அதன் முனையில் அச்சிட்டிருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பார்க்க வேண்டும்: 765 என்றிருப்பதைவிட 865 நிறத்தைச் செம்மையாகக் காட்டும், 965 அதனினும் செம்மையாகக் காட்டும், பின்னுள்ள 65 என்பது 6500 கெல்வின் நிறவெப்பத்தை, அதாவது வெள்ளொளி மஞ்சள் சாய்ந்ததா நீலம் சாய்ந்ததா என்பதற்கான அளவை, குறிக்கிறது. சிமிட்டலும் உறையால் நீங்காது. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 சுற்று என்பதால், பழைய சோக்கில் எரியும் குழல் சுற்றுக்கு இருமுறையாக வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். வீடியோ எடுப்பவர்கள் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்தால், இந்தச் சிமிட்டலால் படத்தில் வரும் இருண்ட பட்டைகள் விழா.

டியூப் லைட்டின் காலமே முடியப்போகிறதே என்று கேட்கலாம். பாதரசம் தொடர்பான மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் எடுத்த முடிவின்படி, இக்குழல்களின் உற்பத்தியும் ஏற்றுமதி இறக்குமதியும் 2027உடன் நிறுத்தப்பட உள்ளன என்பது உண்மை. ஆனால் நம் மண்டபங்களில் நடப்பது என்ன? பழுதாகும் குழலை மட்டும் கழற்றி அந்த இடத்தில் எல்ஈடி குழலைப் பூட்டுகிறார்கள். ஒரே வரிசையில் நான்கு பழைய குழலும் இரண்டு புதியவையும் ஒன்று மஞ்சளும் எரிவதைக் கொழும்பில் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன். படம் எடுப்பவனுக்கு இதைவிடக் கொடுமை இல்லை. மலிவான எல்ஈடி குழல்கள் சிலவற்றிலும் பச்சைச் சாயல் உண்டு. அவற்றுக்குக் கால் அல்லது அரை மைனஸ் கிரீன் போதும், 26 மில்லிமீற்றர் உறையும் பல குழல்களுக்கு அப்படியே பொருந்தும்.

மண்டப நிர்வாகிகளிடம் நான் கேட்பவை இரண்டுதான். மணவறை இருக்கும் பகுதியிலாவது குழல்களை ஒரே வகையாக, ஒரே எண்ணாக, ஒரே நாளில் மாற்றுங்கள். நிகழ்ச்சிக்கு முதல் நாள் மாலை அரை மணி நேரம் படப்பிடிப்பாளருக்கு ஏணியும், ஆளி எங்கேயென்று அறிந்த ஓர் ஊழியரும் கிடைக்கச் செய்யுங்கள். சில மண்டபங்களில் இதைக் கேட்டபோது, விளக்கில் கைவைக்க விடமாட்டோம் என்று எங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். குழலை அணைத்து, ஆறவிட்டு, அவர்களின் ஆளைக்கொண்டே கழற்றி மாட்டச் சொல்வதில் எங்களுக்கு ஒரு தடையும் இல்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற படப்பிடிப்பாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.