புகைக்குப் பெயர் வைப்பது யார் வேலை?

காற்று மாசை அளக்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். எங்கள் தெருவின் காற்று மாசு பற்றி நான் கொடுத்த புகாரை முடித்துவைத்துவிட்டதாகப் போன வாரம் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தீர்கள். படிவத்தில் மாசு ஏற்படுத்தும் நிறுவனத்தின் பெயர் என்ற கட்டத்தை நான் நிரப்பவில்லையாம்.

வடசென்னையின் திருவொற்றியூர் உங்களுக்குத் தெரியாத ஊர் இல்லை. வடக்கே எண்ணூரின் அனல்மின் நிலையமும் துறைமுகமும். மேற்கே மணலி ஆலைகள். தென்மேற்கே கொடுங்கையூர் குப்பைமேடு. தெருமுனையில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் கண்டெய்னர் லாரி வரிசை. இதில் எதை அந்தக் கட்டத்தில் எழுதச் சொல்கிறீர்கள்? எங்கிருந்து வருகிறது என்று தெரியாததால்தானே உங்களிடம் வந்தேன்.

எங்கள் வீட்டில் துணி காயப்போடும் முன் ஒரு வேலை இருக்கிறது. அம்மா ஈரத்துணியை மடித்து, மாடிக் கொடியைச் சேர்த்துப் பிடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு இழுப்பு இழுப்பார். துணி கறுத்துவிடும். மடிப்பை மாற்றி இன்னொரு இழுப்பு. மூன்றாவது இழுப்பில்தான் கொடியின் நீலம் தெரியும். ஒருநாள் மறந்துவிட்டார். மகளின் வெள்ளைச் சீருடையில் நடுவே ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு. மூன்று முறை அலசியும் முழுதாகப் போகவில்லை. அதோடுதான் பள்ளிக்குப் போகிறாள், பையில் இன்ஹேலரோடு.

கொடியில் படிவது பெரிய தூள், நுரையீரலின் அடிவரை இறங்குவது கண்ணுக்குத் தெரியாத பி.எம். 2.5 என்ற நுண்தூள் என்று உங்களில் ஒருவர் திருத்துவார். சரிதான் ஐயா. இரண்டையும் அளந்து, என்ன தூள், எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

பக்கத்துக் குப்பத்துப் பெரியவர் ஒருவர் சொல்வார்: "வாடை அடிச்சா கரி, மேல்காத்து அடிச்சா கேஸ் நாத்தம், கொண்டல் அடிச்சா மூச்சு விடலாம்." வாடை வடக்கிலிருந்து, மேல்காற்று மேற்கிலிருந்து, கொண்டல் கிழக்கே கடலிலிருந்து வருவது. காற்றின் திசையையும் மாசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உங்கள் படிப்பிலும் பால பாடம்தானே? அவர் மூக்கை வைத்துச் செய்கிறார். உங்களிடம் கருவி இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது. குழம்பை ஒரு சொட்டு நாக்கில் விட்டு என்னென்ன போட்டிருக்கிறது என்று பாட்டிகள் சொல்வதுபோல, வடிதாளில் சிக்கிய தூளை வைத்தே மூலத்தைப் பிரித்துச் சொல்ல முடியும். சிலிக்கானும் அலுமினியமும் கூடினால் மண், சாலைப் புழுதி. வனேடியம், நிக்கல் என்ற உலோகங்கள் கப்பலிலும் கொதிகலனிலும் ஊற்றும் கெட்டி எண்ணெய் எரிந்ததைக் காட்டிக்கொடுக்கும். விறகும் சருகும் எரிந்தால் லெவோகுளுகோசான் என்ற வேதிப்பொருள் இருக்கும். டீசல் புகையில் கரி தூக்கலாக இருக்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறு நகரங்களில் இப்படி ஆராய்ந்தபோது சென்னையும் அதில் இருந்தது. அந்த அறிக்கை வந்த காலத்தில் பிறந்த பிள்ளைகள் இப்போது பத்தாம் வகுப்பைத் தொட்டுவிட்டார்கள்.

மூலம் தெரிந்தால் என்ன செய்யலாம் என்பதற்கும் ஆதாரம் இங்கேயே இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை 2011-ல் உயர் நீதிமன்றம் நிறுத்தியது. தூள் எங்கிருந்து பறக்கிறது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. துறைமுகத்தை ஒட்டிய ராயபுரம் பிழைத்தது. கரி எண்ணூருக்கு வந்தது என்பது வேறு கதை.

நீங்களோ காற்றுத் தரப் பலகையில் 'திருப்திகரம்' என்று போடுகிறீர்கள். யாருக்குத் திருப்தி? உங்கள் கணக்கில் பி.எம். 2.5 ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை திருப்திகரம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஒரு நாளைக்குச் சொன்ன அளவு 15. உங்கள் பலகை காட்டுவதும் 24 மணி நேரச் சராசரி. மதியம் கடற்காற்று கழுவிவிட்ட நேரத்தையும், விடியற்காலை மூன்று மணிக்குப் புகை தெருவோடு தெருவாகப் படுத்துக்கிடக்கும் நேரத்தையும் சேர்த்து வகுத்தால் திருப்தி வராமல் என்ன செய்யும்?

போகி வந்தால் மட்டும் மண்டலம் மண்டலமாகக் கருவி வைத்து அளக்கிறீர்கள். பழைய பாயை எரிக்காதே என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வருகிறீர்கள். நல்ல காரியம். நாங்களும் எரிப்பதில்லை. பாய்க்குக் காட்டும் கண்டிப்பில் பாதியைப் புகைபோக்கிக்கும் காட்டினால் என்ன, சாமி? ஏழைவீட்டுப் பாய்க்கு வக்கீல் கிடையாது என்பதாலா?

மன்னிக்கவும், கோபம் வந்துவிட்டது. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். தயவுசெய்து என் புகாரைத் திரும்பத் திறங்கள். நிறுவனத்தின் பெயர் என்ற கட்டத்தை நீங்களே நிரப்புங்கள். அதற்காக எங்கள் தெருவில் தூள் மாதிரி எடுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை, இரவும் பகலும் தனித்தனியாக. காற்றின் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். எது எத்தனை சதவீதம் என்று தமிழில் வெளியிடுங்கள்.

கருவி வைக்க எங்கள் மொட்டைமாடி தயார். பிளக் பாயின்ட் இருக்கிறது, கரண்ட் பில் என் பொறுப்பு. இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் கதவு திறப்போம். கொடி துடைத்த துணிகளை மட்டும் அம்மா துவைக்காமல், தேதி எழுதிக் கவரில் போட்டு வைத்திருக்கிறார். வரும்போது அவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திருவொற்றியூர்வாசி ஒருவர்