மும்மொழிப் பலகைகளில் தமிழ் சிதையும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு வீதிகளில் தமிழ்ப் பிழையுள்ள பலகையைக் கண்டால் பழி மொழிபெயர்ப்பாளர் மேல்தான் விழுகிறது. பெயர்ப்பலகைத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு வேறொன்று தெரியும். சரியாக வந்த தமிழும் அச்சகக் கணினியில் சிதைகிறது.

‘கொழும்பு’ என்பதையே எடுங்கள். ஒருங்குறியில் (யுனிகோட்) ‘க’ முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் பதிவாகும். கொம்பை முன்னுக்கும் அரவைப் பின்னுக்கும் வைப்பது மென்பொருளின் வேலை. ஆங்கிலத்துக்கு மட்டும் அமைத்த இல்லஸ்ட்ரேட்டர் என்னும் வடிவமைப்பு மென்பொருளில் அது நடக்காது. கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய்விடும், ‘ழு’, ‘பு’ ஆகியவற்றின் உகரக்குறிகள் எழுத்தோடு ஒட்டாமல் தனியே தொங்கும். இந்திய மொழித் தெரிவுகளை இயக்கி, பத்திக்குத் தெற்காசிய அமைப்பைத் தெரிந்தால் சரியாகிவிடும். அதைவிடப் பாதுகாப்பானது, தமிழ் தெரிந்தவரின் கணினியிலேயே எழுத்தைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றி பிடிஎஃப் ஆக அனுப்புவது. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவான பாமினியில் இந்தத் தொல்லை இல்லை, உண்மைதான். ஆனால் ஒருங்குறியைப் பாமினிக்கு மாற்றினால் ‘தெஹிவளை’யின் ‘ஹ’ போன்ற கிரந்த எழுத்துகளைத் தனியே சரிபார்த்தேயாக வேண்டும்.

அடுத்தது மெய்யெழுத்தின் மேல் வரும் குற்று. ஸ்டிக்கர் வெட்டியபின் தேவையற்ற பகுதியை உரிக்கும்போது இந்தச் சிறு வட்டமும் சேர்ந்து போய்விடும். அக்ரிலிக் எழுத்தில் ஒரு சொட்டுப் பசையில் நிற்கும் குற்று, வெயிலிலும் மழையிலும் கழன்று விழும். குற்றின் விட்டம் எழுத்தின் கோட்டுத் தடிப்புக்குக் குறையக்கூடாது. வீதிப் பலகைக்குத் தனி எழுத்து ஒட்டுவதை விட்டு, முழு வரியையும் ஒரே தகட்டில் அச்சிடுவதே நல்லது.

ஆங்கிலத்தின் அகலத்துக்குள் அடக்கவென்று தமிழை நெருக்குவதும் தவறு. சுழிகள் அடைபட்டு, தூரத்தில் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகிவிடும். இடம் போதாவிட்டால் இரண்டு வரியாக்குங்கள்.

மூலத்தையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் சீ ஸ்ட்ரீட் எனப்படுவது தமிழில் செட்டியார் தெரு, சிங்களத்தில் ஹெட்டி வீதிய. ஆங்கிலத்தில் ஸ்லேவ் ஐலண்ட் எனப்பட்ட பகுதி நமக்குக் கொம்பனித்தெரு. ஆங்கிலப் பட்டியலை மட்டும் கையில் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னால் அந்த இடங்களின் வரலாறே அழிந்துபோகும்.

அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆகவே பலகைக்குக் கேள்விப்பத்திரம் கோரும் நிறுவனங்கள் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்: தட்டச்சுப் பிரதியை அல்ல, வெட்டுவதற்கு அனுப்பும் இறுதி வடிவத்தைத் தமிழ் வாசிப்பவர் ஒருவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும், பொருத்திய பலகையையும் அவரே பார்த்த பிறகுதான் பணம் கொடுபட வேண்டும். பிழையைக் காணும் வாசகர்கள் முழுப் பலகையும் தெரியும் படத்துடன், இடம், நிறுவனத்தின் பெயர், சரியான வடிவம் ஆகியவற்றை எழுதி அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். சரியான வடிவத்தை எழுதாமல் விட்டால் திருத்தும் பலகையிலும் வேறொரு பிழை வரும்.

இப்படிக்கு,
பெயர்ப்பலகைத் தொழிலாளர் சிலர்,
கொழும்பு