கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்பு மகள் கவிதாவுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று போனில் பாதிதான் பேச முடிந்தது. உன் வேலையிடத்துக்கு வந்த யூனிட் டிரஸ்ட் (பலர் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் ஃபண்ட்) முகவர், "இபிஎஃப்ல பணம் சும்மா தூங்குது, எடுத்து எங்க ஃபண்டுல போடுங்க, உங்க சம்பளத்துலேர்ந்து ஒரு காசு வேணாம்" என்றாராம். பாரத்தையும் அவரே நிரப்பிக் கொடுத்துவிட்டாராம், கையெழுத்துதான் பாக்கியாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

அந்தப் பணம் தூங்கவில்லையம்மா. இபிஎஃப் என்கிற நம் மலேசிய ஊழியர் சேமநிதி வாரியம் ஏறக்குறைய பாதியைக் கடன் பத்திரங்களிலும், இன்னொரு பெரிய பகுதியைப் பங்குகளிலும், மீதியைக் கட்டடங்கள் போன்றவற்றிலும் போட்டு வைத்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டில் இருக்கிறது. 2023-ல் 5.5 விழுக்காடு லாப ஈவு கொடுத்தார்கள், 2024-ல் 6.3. சந்தை எப்படிப் போனாலும் வழக்கமான (ஷரியா அல்லாத) கணக்குக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. நீ எடுத்து ஃபண்டில் போடும் தொகைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே நஷ்டம் வந்தால் அது முழுக்க உன் நஷ்டம். லாபத்தோடு விற்றாலும், 55 வயதுக்கு முன்னால் பணம் உன் கைக்கு வராது, திரும்ப இபிஎஃப் கணக்குக்கே போகும். இதையெல்லாம் அவர் சொன்னாரா?

கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பார். இபிஎஃப் பணத்தை முகவர் வழியாகப் போட்டால் விற்பனைக் கட்டணம் 3 விழுக்காடு வரை பிடிக்கலாம். 10,000 வெள்ளி (ரிங்கிட்) எடுத்தால் ஏறக்குறைய 300 வெள்ளி முதல் நாளே போய்விடும். 9,700 சொச்சத்தில்தான் நீ ஆரம்பிக்கிறாய். அதே 10,000 வெள்ளி 2024-ல் இபிஎஃப்பிலேயே கிடந்திருந்தால் 10,630 ஆகியிருக்கும். அந்த இடத்தைப் பிடிக்கவே ஃபண்ட் அந்த வருடம் ஒன்பதரை விழுக்காடு ஏற வேண்டும். நிர்வாகக் கட்டணத்தை வருடா வருடம் ஃபண்டுக்குள்ளேயே கழித்துக்கொள்வார்கள், அது போகத்தான் இந்த ஒன்பதரை. ஏறினாலும் இறங்கினாலும் முகவருக்கு உரியது அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை, அது அவர் பிழைப்பு. ஆனால் உன் 55 வயதைப் பற்றி யோசிக்க வேண்டியவள் நீதான்.

உறுப்பினர்கள் இபிஎஃப் பணத்தில் ஒரு பகுதியை வெளியே முதலீடு செய்ய அரசாங்கம் 1996-ல் வழி திறந்தது. அப்போது பங்குச்சந்தை பேச்சு இல்லாத காப்பிக்கடை இல்லை. 1997 ஆரம்பத்தில் கோலாலம்பூர் பங்குச்சந்தைக் குறியீடு 1,270-ஐத் தொட்டது. 1998 செப்டம்பர் 1-ஆம் தேதி அது 262. பலருக்கு முதலுக்கே மோசம் வந்தது.

உன் தாத்தாவுக்கு 55 வயதானது அந்த 1998-ல்தான். சுங்கைப்பட்டாணியில் இபிஎஃப் பாரத்தில் கைரேகை வைக்க நான்தான் கூட்டிப்போனேன். காலமெல்லாம் ரப்பர் மரம் வெட்டி, உளியும் பாலும் பட்ட கட்டைவிரல், வரியே தெரியவில்லை. முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண் விரலைத் துடைத்துத் துடைத்து மை தடவி, இன்னொரு பாரம் எடுத்து, மறுபடி அழுத்த வைத்தார். கடைசியில் அரைகுறையாய்ப் பதிந்தது. பணம் வந்தது, ஒரு காசு குறையாமல். நாடே ஆடிப்போயிருந்த 1997, 1998 இரண்டு வருடத்துக்கும் இபிஎஃப் 6.7 விழுக்காடு கொடுத்தது. தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்த நேரம் அது. அந்தப் பணம்தான் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) மலிவு விலை வீட்டுக்கு முன்பணம். நீ பிறந்த வீடு.

அடுத்த சில மாதத்தில் சந்தை மீண்டதும் உண்மைதான். வருடம் முடிவதற்குள் குறியீடு 262-லிருந்து 586-க்கு வந்துவிட்டது. காத்திருக்க முடிந்தவனுக்கு அது சரி. தாத்தாவால் காத்திருக்க முடியாது, வீடு அப்போதே வேண்டும். நமக்கு 55 எந்த வருடத்தில் வரும் என்பது சந்தைக்குத் தெரியாது. இபிஎஃப் பெரிய பொதுப் பணம், இந்த வருடம் விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. ஒரு வருட அடியை லட்சக்கணக்கானவர்கள் மேல் பல வருடத்துக்குப் பரப்பிக்கொள்ளும். தனி ஆளால் அதைச் செய்ய முடியாது. என் பயம் முழுக்க இந்த ஓர் இடத்தில்தான்.

அதற்காக இந்த உரிமையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என் உழைப்புப் பணம், அதில் எனக்கும் ஒரு வார்த்தை இருக்க வேண்டும் என்று நீ நினைப்பது நியாயம். அரசாங்கமும் வரம்பு வைத்திருக்கிறது. இபிஎஃப்பில் உன் ஓய்வுக்காலக் கணக்கில் 80,000 வெள்ளி, உன் வயதுக்குரிய அடிப்படைச் சேமிப்பு, அதாவது அந்த வயதில் கணக்கில் இருக்க வேண்டும் என்று இபிஎஃப் வகுத்த தொகை, 40,000 என்று வைத்துக்கொள். மிச்சம் 40,000-ல் 30 விழுக்காடு, அதாவது 12,000 வரைதான் எடுக்கலாம். அடிப்படைச் சேமிப்பே எட்டாதவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலோர் அந்தக் கணக்கில்தான். கோவிட் காலத்தில் நான்கு தடவை சிறப்பாக எடுக்க விட்டபோது நாடு முழுக்க 145 பில்லியன் வெள்ளி வெளியே போனது. அரிசிக்கும் வாடகைக்கும் எடுத்தார்கள், குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்கு வேண்டியது நல்ல சம்பளம். எந்த ஃபண்ட் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையால் அவர்கள் கணக்கு நிறையாது.

உனக்கு ஆசை இருந்தால் இப்படிச் செய். பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு. இபிஎஃப்பின் ஐ-அக்கவுன் செயலியில் ஐ-இன்வெஸ்ட் என்று இருக்கிறது. அதன் வழியாக நீயே ஃபண்ட் வாங்கினால் விற்பனைக் கட்டணம் அரை விழுக்காட்டைத் தாண்டாது. சிறிய தொகையாய்ப் போடு. வாங்குவதற்கு முன் அந்த ஃபண்டின் பத்து வருட வருமானத்தை எடுத்து, அதே பத்து வருட இபிஎஃப் லாப ஈவை ஒரு தாளில் பக்கத்தில் எழுது. 2020-ல் 5.2, 2021-ல் 6.1, 2022-ல் 5.35, இவை என் பழைய அறிக்கைகளில் இருக்கின்றன. மற்ற வருடங்களையும் பார்த்து அனுப்புகிறேன்.

முகவர் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னாய். அவரிடம் கட்டணம் எவ்வளவு, பத்து வருடத்தில் எத்தனை வருடம் இபிஎஃப்பை மிஞ்சியது என்று கேள், எழுதித் தரச் சொல். தந்தால் அதைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. நானும் அப்பாவும் உட்கார்ந்து பார்க்கிறோம்.

அன்புடன்,
அம்மா