அச்சடிச்ச பாரத்துல கையெழுத்து போடறதுக்கா எஸ்எம்சி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க. நான் ஏற்காடு மேல காப்பி எஸ்டேட் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில எஸ்எம்சி மெம்பர், அதாவது பள்ளி மேலாண்மைக் குழுன்னு சொல்றாங்களே அதுல. ஊர் பேரு வேணாம், எங்க ஹெச்எம் மேல மட்டும் பழி போடற விசயம் இல்ல இது.

போன வாரம் மீட்டிங். மத்தியானம் 3 மணிக்கு வெச்சாங்க. சட்டப்படி கமிட்டியில நாலுல மூணு பங்கு பெத்தவங்க இருக்கணும், பாதிப் பேரு பொம்பளைங்களா இருக்கணும், நோட்டுல எல்லாம் கரெக்டா இருக்கு, ஆனா 3 மணிக்கு எஸ்டேட் வேலைய விட்டுட்டு எந்தப் பொம்பள வருவா, அரை நாள் கூலி போயிருமே. வந்தது ஆறே பேரு. தீர்மானம் ஏற்கனவே எழுதி ரெடியா இருந்துச்சு, கையெழுத்து போடற எடத்துல பென்சில் டிக் வேற. ஒரு அச்சடிச்ச பாரம், கழிப்பறை உள்ளதா ஆம் இல்லை, உள்ளதுன்னு டிக் அடிச்சோம், தண்ணி வருதான்னு அது கேக்கல நாங்களும் சொல்லல. டீ பிஸ்கட்டோட 20 நிமிசத்துல முடிஞ்சுது.

வீட்டுக்கு வந்து மூணாவது படிக்கற என் பொண்ண கூப்பிட்டு உங்க பேப்பரையே குடுத்தேன். புஸ்தகத்துல இருக்கற பாட்ட கண்ண மூடிட்டு ஒப்பிப்பா. பேப்பர்ல மழைக்கு ரோட்டுல மண்ணு சரிஞ்ச சேதி, "கொண்டை ஊசி வளைவில்"னு இருந்துச்சு, அவ "கொண்டை"ன்னு எழுத்துக் கூட்டிட்டு என் மூஞ்சிய பாத்து "கடலை"ன்னா. சிரிச்சிட்டேன், ஆனா ராத்திரி தூக்கம் வரல.

எனக்கு இதுல உகாண்டா ஞாபகம் வந்துச்சு. என்னடா ஏற்காட்டுக்காரன் உகாண்டாங்கறானேன்னு நினைக்காதீங்க, கல்யாணத்துக்கு முன்னாடி திருச்செங்கோட்டு ரிக் வண்டியில போர்வெல் போட அங்க போனவன் நான். ஒரு ஸ்கூல்ல கேசிங் பைப்ப இறக்கி ஆபீஸ் சுவத்துல சாத்தப் போனோம், ஒரு கிழவி ஓடி வந்து திட்டுது, பாஷை புரியல, கையக் காட்டுது, பாத்தா அங்க ஒரு கரும்பலகை, இந்த டேர்முக்கு கவர்மெண்டு இவ்ளோ ஷில்லிங் குடுத்துச்சு, எதுக்கு எவ்ளோ செலவாச்சுன்னு சாக்பீஸ்ல எழுதியிருக்கு. அத மறைக்காதேன்னுதான் அவ்ளோ சத்தம்!

அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்குன்னு பிற்பாடு படிச்சுத்தான் தெரிஞ்சுது. 1991-லருந்து 95 வரைக்கும் புள்ளைங்க தலைக்கு இவ்ளோன்னு அரசாங்கம் ஒதுக்கின பணத்துல, ஸ்கூலுக்கு வந்து சேந்தது சராசரியா 100 ரூபாய்க்கு 13 ரூபாய்தான், மீதி வழியிலயே காலி. இது ஒரு சர்வேயில வெளிய வந்ததும் எந்த மாவட்டத்துக்கு எவ்ளோ அனுப்பினோம்னு மாசாமாசம் நியூஸ்பேப்பர்ல போட்டாங்க, ஸ்கூல் சுவத்துலயும் ஒட்டச் சொன்னாங்க. 2001-ல 80-க்கு மேல வந்து சேந்துச்சு. பேப்பர்னாலதான் அவ்ளோவும் மாறுச்சான்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள சண்டை இருக்கு, இருக்கட்டும்.

ஆனா பணம் வந்தா மட்டும் புள்ள படிச்சிருமா? 1997-ல அங்க பீஸ் இல்லாத ஆரம்பக் கல்வி கொண்டாந்தப்போ 30 லட்சமா இருந்த புள்ளைங்க 50 லட்சத்தையும் தாண்டிருச்சு, வகுப்புல உக்கார எடமில்ல. அப்புறம் உவேசோன்னு ஒரு அமைப்பு, சுவாஹிலியில திறமைன்னு அர்த்தமாம், 2009-ல ஆரம்பிச்சு கென்யா, தான்சானியா, உகாண்டா மூணு நாட்டுலயும் உள்ளூர் ஆளுங்கள வெச்சே வீடு வீடா போயி, ஒரு தாள்ல எழுத்து, வார்த்தை, பத்தி, கதைன்னு போட்டு புள்ளைங்கள வாசிக்கச் சொன்னாங்க. மூணாவது படிக்கற புள்ளைங்கள்ல மூணுல ஒரு பங்கு கூட ரெண்டாம் வகுப்பு பாடத்துல தேறல. இந்த யோசனையே 2005-ல இந்தியாவுல பிரதம்ங்கற தொண்டு நிறுவனம் ஆரம்பிச்ச, புள்ளைங்க வாசிக்கறாங்களான்னு பாக்கற ஏசர் (ASER) சர்வேயில இருந்து போனதுதான், நம்ம ரிக் வண்டி மாதிரி இதுவும் இங்கருந்து ஏத்துமதி.

நான் எழுத வந்த விசயமே இனிமேதான். உகாண்டாவுல 100 கிராமத்து ஸ்கூல எடுத்து ஒரு சோதனை பண்ணாங்க, அங்கயும் கமிட்டி பேரு எஸ்எம்சிதான். சில ஊர்ல ஸ்கூல் எப்படி நடக்குதுன்னு பாக்கற அட்டைய மேலருந்து ரெடிமேடா குடுத்தாங்க, சில ஊர்ல என்ன கேக்கணும்னு கமிட்டியே உக்காந்து முடிவு பண்ணட்டும்னு விட்டாங்க. ரெடிமேட் அட்டை குடுத்த ஊர்ல சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் மாறல. தானா எழுதின ஊர்ல வாத்தியார் லீவு கொறஞ்சுது, புள்ளைங்க வருகையும் மார்க்கும் ஏறுச்சு.

அதனால அதிகாரிங்களுக்கு உங்க பேப்பர் வழியா கேக்கறேன், அந்தப் பாரத்துல ஒரு பக்கம் எங்களுக்கு காலியா விடுங்க. காப்பிப் பழம் பறிக்கற சீசன்ல எத்தனை புள்ளைங்க வரல, சேலத்து பஸ்ஸு 20 கொண்டை ஊசி ஏறி எத்தனை மணிக்கு வந்துச்சு டீச்சர் எத்தனை மணிக்கு வகுப்புக்கு வந்தாங்க (பஸ் லேட்டுன்னா டீச்சர் மேல தப்பில்ல, அதையும் எழுதுவோம்), மாசம் அஞ்சு புள்ளைங்க கமிட்டி முன்னாடி அன்னிக்கு பேப்பர வாசிச்சாங்களா, இதெல்லாம் நாங்க எழுதிக்கறோம்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வெச்சிருக்கேன். முதல் கேள்வி எஸ்டேட்ல வேலை பாக்கற என் வீட்டுக்காரம்மா சொன்னது: "இன்னிக்கு மீட்டிங்க எத்தனை மணிக்கு வெச்சீங்க?"

இப்படிக்கு,
ஒரு எஸ்எம்சி மெம்பர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்