எரிமலை விட்டுவைத்தவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த எரிமலைக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் கண்ணைவிட்டு அகலவில்லை. ஆனால் ‘எரிமலை வெடித்தால் காடு அடியோடு அழியும், பிறகு சாம்பலே உரமாகிக் காடு தானாகச் செழிக்கும்’ என்று இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவள் நான். அந்த இரண்டு வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையை எடுத்துக்கொள்வோம். 1980 மே 18 காலையில் அதன் வடக்குச் சரிவு இடிந்து, மலை பக்கவாட்டில் வெடித்தது. 57 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 600 சதுர கிலோமீட்டர் காடு சாய்ந்தும் கருகியும் போனது. நம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியே 900 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே காலையில் போனதாக நினைத்துப் பாருங்கள்.

அங்கே விழுந்த சாம்பல் நம் அடுப்புச் சாம்பல் மாதிரி இல்லை. பாறையும் கண்ணாடியும் பொடியானது அது. இலையில் படிந்தால் வெயில் படாது; மழையில் நனைந்தால் பாரம் தாங்காமல் கிளை முறியும். பூச்சிகளின் உடம்பில் இருக்கும் மெழுகுப் பூச்சை அது உராய்ந்து எடுத்துவிட, அவை ஈரம் வற்றிச் சாகும். தரையில் ஓடுபோல இறுகிக்கொண்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. தழைச்சத்து (நைட்ரஜன்) அதில் இல்லவே இல்லை என்று சொல்லலாம். நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்து சிதைந்த பிறகுதான் எரிமலை மண் வளமான மண்ணாகிறது.

அப்படியானால் காடு எப்படித் திரும்பியது? மிச்சம் இருந்தவற்றிலிருந்துதான். மே மாதமென்றாலும் மேட்டில் பனி கிடந்ததால், அதற்கடியில் இளங்கன்றுகள் பிழைத்தன. உறைந்திருந்த ஏரிகளின் அடியில் தவளைகள் பிழைத்தன. மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் கோபர் என்ற எலி போன்ற பிராணியும் பிழைத்தது. அது வளை தோண்டும்போது சாம்பலுக்குக் கீழே கிடந்த பழைய மண்ணும் அதிலிருந்த பூஞ்சை வித்துகளும் மேலே வந்தன. 1983-இல் ஆராய்ச்சியாளர்கள், எரிமலை உமிழ்ந்த நுரைக்கல் மூடிய சிறு இடங்களில் சில கோபர்களை ஒரே ஒரு நாள் விட்டுப் பார்த்தார்கள். ஆறு ஆண்டு கழித்து அந்த இடங்களில் 40,000 செடிகள் இருந்தன! வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்.

அந்த வெட்டவெளியில் முதலில் வேரூன்றியது லூபின், பயறு வகைச் செடி. நம் வயல்களில் பசுந்தாள் உரத்துக்குக் கொழுஞ்சியும் தக்கைப்பூண்டும் விதைக்கிறோமே, அதே வேலை: வேர்முடிச்சில் காற்றின் தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுப்பது.

இன்னொன்று. சாம்பல் விழுந்த பழங்காட்டில் மரங்கள் சீக்கிரமே திரும்பின. மண்ணில் இருந்த பூஞ்சைகள், உதிர்ந்த ஊசியிலைகளின் சத்தை எடுத்து வேருக்குக் கொடுத்தன. வெடிப்புக்கு முன்பே மரங்களை ஒட்ட வெட்டியிருந்த பக்கத்தில் உதிர்வதற்கு இலையும் இல்லை. அங்கே மண் பல பத்தாண்டு கழிந்தும் ஏறக்குறைய வெறுமையாகவே கிடந்தது. ஆக, எரிமலையைக் காட்டிலும் அதற்கு முன்னால் போன கோடரிதான் காட்டைத் தடுத்தது.

இவ்வளவும் எழுதக் காரணம் நம் திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த மலை, 2028-இல் குத்தகை முடிகிறது. தேயிலை போன பிறகு அந்த நிலத்தை என்ன செய்வது என்ற பேச்சு வரும்போதெல்லாம், ‘லட்சம் மரக்கன்று நடுவோம்’ என்று ஒரு குரல் கேட்கிறது. எனக்கு அதைக் கேட்டால் பயமாக இருக்கிறது. செயின்ட் ஹெலன்ஸிலும் மண் அரிப்பைத் தடுக்கிறோம் என்று ஹெலிகாப்டரிலிருந்து வெளியூர்ப் புல் விதைகளைத் தூவினார்கள். அவற்றில் சில அந்த மண்ணிலேயே நிலைத்துவிட்டன.

பல வருடம் முன்பு மாணவிகளை அழைத்துக்கொண்டு மாஞ்சோலைக்கு மேலே இருக்கும் காக்காச்சிக்குப் போயிருந்தேன். தேயிலை வரிசை முடிந்து சோலை என்கிற இயற்கை மலைக்காடு தொடங்கும் ஓரத்தில், யாரும் நடாத ஒரு வெடிப்பலாக் கன்று முழங்கால் உயரத்துக்கு நின்றது. பக்கத்திலேயே தாய்மரம். தோட்டங்களுக்கு நடுவிலும் ஓடைக்கரைகளிலும் இப்படித் தப்பிய சோலைத் துண்டுகள்தான் நமக்குக் கோபர் வளையும் பனிக்கு அடியில் பிழைத்த கன்றும். 1883-இல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலைத் தீவு வெடித்து எரிந்த பிறகு அத்தி விதைகளைப் பறவைகளும் வௌவால்களும் கடல் தாண்டிக் கொண்டுவர வேண்டியிருந்தது. இங்கே விதை கொண்டுவரும் இருவாட்சிப் பறவைக்கு அந்தத் தொலைவு இல்லை. தேயிலையை மெல்லக் குறைத்து, அந்நியக் களைகளை எடுத்து, சோலை ஓரங்களை ஆடுமாடும் தீயும் தொடாமல் காத்தால் போதும். கன்று நட்டே ஆக வேண்டிய இடத்தில் அந்தந்தச் சோலையின் விதையையே எடுக்க வேண்டும்.

எந்த ஓடை கோடையிலும் வற்றாது, எந்த மூலையில் நாங்கு மரம் நிற்கிறது என்பதெல்லாம் தலைமுறைகளாக அங்கே கொழுந்து கிள்ளியவர்களுக்குத்தான் தெரியும். மலையிறங்கிய அந்தக் குடும்பங்களுக்கே காட்டை மீட்கும் வேலையைக் கூலியோடு கொடுக்க வேண்டும். உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதச் செய்யுங்கள். வயதானவர்கள் பலர் இப்போது கீழே ஊர்களில்தான் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
கல்லிடைக்குறிச்சி